ஏழே முக்கால் அடி வளைவு

...இல்ல கிளார்க்கு சார், அப்புடி எழுதாதீங்க. 'குதிரை வளைவுக்குள் நுழையவில்லை'ன்னு மொட்டையா ஆரம்பிச்சீங்கன்னா, படிக்கிறவன் குதிரை மேலதான் குத்தம்னு நெனச்சுக்கிருவான். வரிசைப்படி வரணும். நான் பதினேழு துண்டறிக்கை அச்சடிச்சவன். ஒண்ணுலயாச்சும் ரெண்டாவது அநீதிய மொதல்ல போட்டிருக்கேனான்னு ஊர்ல கேட்டுப் பாருங்க. நீங்க மணமேல்குடிலருந்து வந்து நாலு நாள்தான் ஆவுது, ஒங்களுக்குத் தெரியாது. மேல 'மனுதாரர் தியாகி வீரய்யா'ன்னு போட்டுக்கங்க. தியாகியில துணைக்கால் போடலையே... ஆங், சரி.

முதலாவது அநீதி. எழுதுங்க. 'தொன்றுதொட்டு இவ்வூர் ஐயனாருக்கு மண்குதிரை செய்யும்பொழுது, கண்மாயிலிருந்து பிடிமண் எடுத்து குயவரான வேளாரிடம் கொடுக்கும் உரிமையை ஊர்த் தலைமையிலிருந்த அம்பலகாரர் குடும்பத்தார் மட்டுமே வைத்திருந்தனர். மற்றவர் கொடுத்த மண்ணில் குதிரை நிற்காது என்றனர்.' எழுதியாச்சா? இப்ப திரும்பிப் பாருங்க. நிக்கிதா இல்லையா? நாலு உரலு மேல, ஒம்பதடி. மூக்காயி குடுத்த பிடிமண்ணு சார் அது. சீட்டுப் போட்டு எடுத்தோம், அவ பேரு வந்துச்சு. காடு கரையில கூலிக்குப் போற பொம்பள. மண்ண முந்தானையில வாங்கிக்கிட்டு இதே சந்து வழியா வேளார் தெருவுக்கு நடந்தா பாருங்க, நான் ஜெயில்லருந்து வந்த அன்னைக்குக்கூட அப்புடி நடக்கல.

ரெண்டாவது அநீதி. ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி முப்பத்தெட்டு. சமஸ்தானத்துக் காலம். நான் ஒருத்தனா கண்மாயில எறங்கி ஒரு பிடி மண்ணெடுத்தேன். அத்துமீறி மண்ணெடுத்தான்னு கேசு. நாப்பத்தோரு நாளு உள்ள இருந்தேன். உள்ள என்னா வேலை குடுத்தாங்கங்கிறீங்க? தோட்டத்துக்கு மண்ணள்ற வேலை. இத எழுத வேணாம், சிரிப்பாங்க. நீங்களும் சிரிக்கிறீங்க.

மூணாவது... என்னா கேட்டீங்க? வளைவ யாரு கட்டுனதா? அது வரும் சார். வரிசையில வரும். அவசரப்பட்டா மகஜர் கெட்டுப்போகும்.

மூணாவது அநீதி. அந்தா, சைக்கிள்ல சாஞ்சுக்கிட்டு வெத்தலை போடுறாரே, அவருதான் பெரியகருப்பன் அம்பலம். அந்தக் காலத்துல அவருக்கு ஒரு மட்டக்குதிரை உண்டு. இங்கிட்டுக் கண்மாய்க்கரை, அங்கிட்டுத் தோப்புச் சுவரு, நடுவுல இந்த ஒத்தச் சந்து. அவரு குதிரையில வந்தா நாங்க சுவத்தோட ஒட்டி நிக்கணும். எறங்கவும் மாட்டாரு, குனியவும் மாட்டாரு. தலைப்பாகை வேற, மொழம் மொழமா சுத்தி... இப்ப வழுக்கை. எழுதாதீங்க, அவருக்குக் கேட்கும்.

நாலாவதுதான் இன்னைக்கு நடந்தது. பதினஞ்சு வருசமா இந்த ஊர்ல புரவி எடுப்பே, அதான் மண்குதிரையக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போற திருவிழாவே, கெடையாது சார். நாப்பத்தாறுல அம்பலம் எட்டடிக் குதிரை வச்சதோட சரி. அதுக்கப்புறம் யாரு பிடிமண்ணு குடுக்குறதுன்னு சண்டை, கோர்ட்டு, நோட்டீசு. இந்த வருசந்தான் ஜெயிச்சோம். அதுக்கு அம்பலம் என்னா சொன்னாரு தெரியுமா? 'கண்டவங்களும் மண்ணு குடுக்கட்டும், குதிரை கோயிலுக்கு வந்து சேர்றதப் பார்ப்போம். சேரலேன்னா அடுத்த எடுப்புலருந்து பழையபடி எங்க வீடுதான்'னு. நாங்களும் சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டோம். நாந்தான் மொதக் கையெழுத்து. இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள குதிரை கோயில்ல நிக்கணும். பொழுது எங்க நிக்கிதுன்னு பாருங்க, பனைக்குக் கீழ வந்துருச்சு.

என்னா சார்? வயக்காட்டு வழியா சுத்தித் தூக்கிட்டுப் போனா என்னாவா? பிடிமண்ணு எந்த வழியா போச்சோ, குதிரை அந்த வழியாத்தான் திரும்பணும். சாய்க்கவும் முடியாது, இன்னைக்குக் காலையில கண்ணு தொறந்தாச்சு. கண்ணு தொறந்த குதிரையப் படுக்கப் போடுவீங்களா? பதினாறு பேரு தோள்ல தூக்கினா பதினாலு அடி. வளைவு ஏழே முக்கால்.

எனக்கு எப்படித் தெரியும்னா... அளந்தேன். இப்ப இல்ல, முன்னாடி ஒருக்கா.

குதிரையச் சின்னதாச் செஞ்சிருக்கலாம்தான். திருப்பதி வேளாரு வந்து கேட்டாரு, 'எம்புட்டு ஒசரம் வைக்க'ன்னு. மூக்காயி, அஞ்சடி போதும்ங்கன்னா. நான் விடுவனா? அம்பலம் வச்சத விட ஒரு அடி கூட வைங்கன்னேன். அவரு காலு தனியா, வயிறு தனியா வனைஞ்சு, கழுத்த ஏத்தி, சுத்திச் சூளை போட்டு நிக்க வச்சே சுட்டாரு. ரெண்டு மாசம். ஒரு கீறல் இல்ல. சந்துல வளைவு இருக்கிற நெனப்பு எனக்கு வரல சார். அவருக்கு வந்துச்சாம். கேட்டா, 'நீங்க சொன்னா ரோசனை பண்ணித்தான் சொல்லுவீங்கன்னு இருந்துட்டேங்க'ங்கிறாரு. பாருங்க, என் மேல அம்புட்டு மதிப்பு.

வளைவா? வந்துட்டேன் சார். வளைவு வந்து... ஒரு கொள்கைக்காகக் கட்டுனது. குதிரையில வர்ற ஆளு எறங்கணும், இல்லேன்னா குனியணும். மட்டக்குதிரை முதுகு வரைக்கும் ஒரு அளவு, ஆளு ஒரு அளவு, தலைப்பாகை ஒரு அளவு. மூணையும் கூட்டி, அதுல ஒரு சாண் கொறச்சு வச்சது. நல்ல கணக்கு. சுண்ணாம்பு, கருப்பட்டி, கடுக்காய்த் தண்ணி எல்லாம் போட்டு இறுக்குனது. அம்பலம் அந்த வருசமே குதிரைய வித்துட்டு சைக்கிள் வாங்கிட்டாரு. ஒரு நாளுகூடக் குனியல. வைக்கோல் வண்டிக்காரங்கதான் குனிஞ்சாங்க. பாரத்தக் கொறச்சு ஏத்துனாங்க. மாட்டுக்கு அது நல்லதுதானே.

இதுக்குள்ள அவரு நக்கல் வேற. 'என்னா தியாகி, உங்க குதிரை குனியுமா?'ங்கிறாரு. பதினாறு பேரும் சிரிக்கிறாங்க, எங்காளுங்க. மூக்காயி மட்டும் சிரிக்கல. அந்த உரலுகிட்டயே உக்காந்துட்டா. குதிரைக் காலப் புடிச்சுக்கிட்டு. இந்தப் பக்கம் பார்க்கவே மாட்டேங்கிறா சார். ஒரு வார்த்தை வஞ்சிருந்தாக்கூட நான் தாங்கிக்கிருவேன்.

சரி, அதனால எழுதுங்க. 'மேற்படி வளைவை உடனே இடித்து வழிவிட வேண்டியது.' கடப்பாறை ரெடியா இருக்கு. பஞ்சாயத்துச் சந்துல நிக்கிறத எழுத்தில்லாம இடிக்கக் கூடாதுன்னு நீங்கதான் சட்டம் பேசுனீங்க. எழுதியாச்சுல்ல? கையெழுத்துப் போடுறேன்.

இன்னும் என்னா? வளைவுக் கல்லுல வெட்டியிருக்கிற எழுத்தையும் பதிவு பண்ணணுமா? அதுல ஒண்ணும் இருக்காது சார், பிரண்டைக் கொடி மூடிக் கெடக்கு. வேளாரே, கொடிய ஏன் இழுக்குறீங்க. விடுங்க... இழுத்துட்டாரு.

கட்டினவரு சம்மதம் இல்லாம இடிச்சா கேசு வருமா. சட்டம் நல்லாத்தான் படிச்சிருக்கீங்க. சாட்சி ரெண்டு பேரு வேணும், வாசிச்சுக் காட்டணும், அம்புட்டுத்தானே? ஏய் மூக்காயி, எந்திரிச்சு வா தாயி, நீ ஒரு சாட்சி. அம்பலம், வெத்தலையத் துப்பிட்டு வாங்க, நீங்க ஒரு சாட்சி. நீங்கதான் வரணும்.

நீங்க வாசிக்க வேணாம் கிளார்க்கு சார், எழுத்து மங்கிப்போச்சு. நானே சொல்றேன். கண்ணாடி எதுக்கு? எழுதிக்கங்க.

'1948 மார்ச்சு மாதம் 3ஆம் தேதி சமஸ்தானம் ஒழிந்ததன் நினைவாக. இனி இவ்வழியே எவரும் நிமிர்ந்து சவாரி செல்லலாகாது எனக் கருதி இவ்வளைவை எழுப்பியவன்...'

இரும்மா, சொல்றேன்.

'...முத்தையா மகன் வீரய்யா.'

சத்தமாத்தானே சொன்னேன், அம்பலம்? இன்னொருக்காவா? கேட்டுக்கங்க, ரெண்டு பேரும். வீரய்யா.