ஒரே ஆள் ஓட்டும் படகு

மும்பை மின்சார ரயிலில், செம்பூரில் ஏறிய தம்பதி எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். இருவருக்கும் அறுபது வயதிருக்கும். அந்த அம்மாள் முடியில்லாத தலையில் துணி கட்டியிருந்தார். கணவரின் மடியில், விலைக்கு வந்திருக்கும் பழைய பாய்மரப் படகுகளின் படங்கள் இருந்தன.

"ஒரே ஆள் ஓட்டுத மாதிரி படகா பாருங்க," என்றார் அந்த அம்மாள்.

"நாம ரெண்டு பேருல்லா போறோம், செல்வி? கப்பல் வேலைலேந்து ரிட்டையர் ஆனதும் அந்தமான் வரைக்கும் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன்லா."

"டாக்டர் சொன்னத நீங்களும் கேட்டீங்கல்லா."

கணவர் ஒரு படத்தை நீட்டினார். "இது நாப்பது அடி. நீ நிமிந்து நின்னு சமைக்கலாம்."

"அவ்ளோ பெரிய பாய நடுக்கடல்ல தனியா எப்படி இறக்குவீங்க? முப்பது அடி போதும். கயிறெல்லாம் சுக்கான் பக்கத்துலயே இருக்கணும். அடிப்பக்கத்த சுத்தியலால தட்டிப் பாருங்க. சத்தம் மந்தமா வந்தா உள்ள தண்ணி ஏறியிருக்கும். வேண்டாம்."

"இதெல்லாம் எங்க படிச்ச?"

"ஆஸ்பத்திரில மருந்து ஏறும்போது மொபைல்ல பாத்தேன்."

"நீ இல்லாம நான் எதுக்குக் கடலுக்குப் போகணும்?"

"போகலன்னா வீட்டுக்குள்ளயே உக்காந்திருப்பீங்க. அதான்."

கணவர் ஜன்னல் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார். டாக்யார்ட் ரோடு ஸ்டேஷன் வந்ததும் எழுந்தார்.

"சின்னதையே வாங்குவோம். ஆனா இன்னைக்குப் பாக்கப் போற படகுல நீயும் ஏறி, கொஞ்ச நேரம் என்கூட உக்காரணும். முடியும்லா?"

"கையப் புடிச்சுக்கிட்டா ஏறிருவேன்," என்றார் அந்த அம்மாள்.