பதினோரு டிகிரி

உட்கார்ந்து பேசுவது எனக்குப் பழக்கமில்லை சார். கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் காலையிலிருந்து மைதானத்தில் நின்றே பழகிவிட்டது. தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் யூடியூப் சேனலை மூன்று வருடமாக நடத்துகிறேன். அதற்கு முன் ராயபுரத்தில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் நடக்கிற கிரிக்கெட் லீக் மேட்ச்களைப் போட்டால் நம் ஆட்கள் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் பார்க்கவில்லை. விளையாடியவன் பார்ப்பான், அவன் வீட்டில் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

எழிலனை அப்படி ஒரு மேட்சில்தான் கவனித்தேன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் வீடு, மணலியில் ஒரு குடோனில் மூட்டை தூக்கும் ஒப்பந்த வேலை. சின்ன வயதில் மதில் மேலிருந்து விழுந்ததில் வலது முழங்கை வளைந்தே நின்றுவிட்டது. அந்தக் கையால் அவன் போட்ட பந்தை இந்தப் பக்கத்தில் யாரும் ஒழுங்காக ஆடியதில்லை. அன்றைக்கு ஆறு விக்கெட்.

நான் இரண்டு போனில் எடுத்திருந்தேன். ஒன்று அம்பயருக்குப் பின்னால். அதில் அவன் கை வளைந்தபடியே, பூட்டுப் போட்டது போலச் சுற்றி வருவது தெளிவாகத் தெரியும். இன்னொன்று பக்கவாட்டில். வளைந்த கையைப் பக்கவாட்டில் மெதுவாக ஓட விட்டால் எறிவது போலத்தான் இருக்கும். பக்கவாட்டில் எடுத்ததை மட்டும் போட்டேன். முழங்கையில் சிவப்புக் கோடு வரைந்தேன். ‘பௌலிங்கா, மாங்காயா?’ என்று தலைப்பு வைத்தேன். மாங்காய்க்குக் கல் விடுவது போலப் பந்தை எறிகிறவனை எங்கள் பக்கம் மாங்கா என்பார்கள். கேள்விதான் கேட்டேன் சார். குற்றம் சாட்டவில்லை.

விதி எனக்குத் தெரியும். கை எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. வீசும்போது எவ்வளவு நிமிர்கிறது என்றுதான் பார்ப்பார்கள். பதினைந்து டிகிரி வரை அனுமதி உண்டு. அதை வீடியோவில் சொல்லியிருக்கலாம். சொன்னால் யாரும் முழுதாகப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டு நாளில் ஊரெல்லாம் அதே பேச்சு. ஒரு டிவியில் அந்த வீடியோத் துண்டை வாங்கிப் போட்டு விவாதம் நடத்தினார்கள். எனக்குத் தூக்கம் போய்விட்டது. ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே சும்மாவே பைக்கை ஓட்டிக்கொண்டிருப்பேன். சிக்னலில் நின்றால் போனைப் பார்ப்பேன். அடுத்த வாரம் அவன் ஓடி வரும்போது மைதானத்தைச் சுற்றி நின்றவர்கள் “மாங்கா, மாங்கா” என்று கத்தினார்கள். மூன்று வருடமாக அவனுக்கு ஒரு நோபால்கூடக் கொடுக்காத அம்பயர் சௌக்கத் அலி பாய், அன்றைக்கு ஒரே ஓவரில் நான்கு கொடுத்தார். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்தார்.

“மூணு வருசமா என் கண்ணு முன்னாடிதான் போட்டுகினு கீறான் நெல்சன். இப்ப என் கண்ணையே நம்ப முடியலபா.”

அதையும் ரெக்கார்ட் செய்தேன். அது இரண்டாம் பாகம்.

எழிலன் என்னிடம் சண்டைக்கு வருவான் என்று நினைத்தேன். டோல்கேட்டில் டீக்கடைக்கு வந்தவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

“மாமு, பின்னால ஒரு போன் வச்சிருந்தியே, அத்தயும் போடேன்.”

“அது அழிஞ்சிடுச்சு எழிலு.”

அழியவில்லை. இப்போதும் இருக்கிறது. உங்களிடம் கொடுத்திருக்கும் போனிலேயே இருக்கிறது.

லீக்கில் அவனை நிறுத்திவைத்தார்கள். கையைச் சோதனை செய்து, அறிக்கையை அவனே கொண்டுவந்து தந்தால்தான் மறுபடி ஆடலாம் என்றார்கள். அவனை விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எடுப்பதாக இருந்த கம்பெனியும் அதே அறிக்கைக்காகக் காத்திருந்தது. சோதனைக்கு நான்தான் கூட்டிப்போனேன். கையெல்லாம் சின்னச் சின்ன உருண்டைகள் ஒட்டி, சுற்றிலும் கேமரா வைத்து எடுத்தார்கள். ஈமெயில் கேட்டபோது அவன் என்னைப் பார்த்தான். என்னுடையதைக் கொடுத்தேன்.

ஆறாவது நாள் அறிக்கை வந்தது. பதினோரு டிகிரி. சுத்தமான கை.

அந்தச் சனிக்கிழமை டிவியில் என்னை நிபுணர் என்று உட்கார வைத்துப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். சனிக்கிழமை முடியட்டும் என்று நினைத்தேன். முடிந்தது. அடுத்த சனிக்கிழமையும் கூப்பிட்டார்கள்.

எழிலன் தினமும் போன் செய்வான். “இன்னா மாமு, வந்துச்சா?” பிறகு அவன் மனைவி செங்கொடி செய்வாள். “அண்ணா, அது சாப்பிடறதே இல்ல. கண்ணாடி முன்னால கைய நீட்டி நீட்டிப் பாத்துகினே கீது.” ஒருநாள் அவனே கேட்டான்.

“தப்பா வந்தா இன்னா மாமு பண்றது?”

“கை நேராயிட்டா யாரு இன்னா கேக்கப் போறான்?”

பேச்சுவாக்கில் சொன்னதுதான் சார். பொன்னேரிப் பக்கம் பழைய எலும்பு முறிவை மறுபடி உடைத்து நேராகக் கட்டுகிற ஆள் ஒருவர் இருப்பதாகவும் சொன்னேன். விலாசமும் கொடுத்தேன். போ என்று சொல்லவில்லை. அவன் தனியாகப் போக வேண்டாமே என்றுதான் பைக்கில் கூட்டிப்போனேன். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போனோம். வழி முழுக்க அந்தக் கை என் தோளில் இருந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றியவன் நின்றான்.

“மாமு, கடசியா ஒரு தபா மெயில் பாத்துடேன்.”

பார்த்தேன். அறிக்கை வந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

“இன்னும் வர்ல.”

மூன்று பேர் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே ஜன்னல் பக்கம் நல்ல வெளிச்சம். என் கை நடுங்கவில்லை. வீடியோவைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். அவன் ஒரே ஒருமுறைதான் கத்தினான். நரம்பு போய்விட்டது என்று பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இப்போது மூன்று விரல்கள் மூடுவதில்லை. பந்தை விடுங்கள், மூட்டைகூடப் பிடிக்க முடியாது.

செங்கொடி நேரே சோதனை நடந்த இடத்துக்கே போய்க் கேட்டிருக்கிறாள். அவர்கள் அறிக்கையையும், அனுப்பிய தேதியையும் கொடுத்திருக்கிறார்கள். அவள் உங்களிடம் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். எனக்குத் தெரிந்தேதான் நடந்தது.

ஆனால் அறிக்கையை நான் மறைத்தேன் என்று அவள் சொல்வதுதான் எனக்கு வருத்தம். அதைக் கடைசிப் பாகத்துக்கு வைத்திருந்தேன் சார். கட்டுப் பிரித்து, கை நேராகி வந்ததும், அவனையும் அவளையும் பக்கத்தில் உட்கார வைத்து, பதினோரு டிகிரி என்று நானே வாசித்துக் காட்டுவதாக இருந்தேன். இரண்டு பேரும் அழுதிருப்பார்கள். பார்க்கிறவர்களும் அழுதிருப்பார்கள். எழிலனுக்கு அதைவிட நல்லது வேறு யார் செய்திருப்பார்கள், சொல்லுங்கள்.