சைரன் அண்ணனின் தலையை ஏன் திறக்கவில்லை?

மேடையில் அமர்ந்திருக்கும் நிலைய மேலாளர் அவர்களே, தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே, கிரீஸ் கையைத் துடைத்தபடி ஷிப்டிலிருந்து நேராக வந்து நிற்கும் தோழர்களே, அண்ணனின் குடும்பத்தாரே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு முன் பேசியவர்கள் "மறைந்த ஃபோர்மேன்" என்று சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. யார் மறைந்தது? போன செவ்வாய்க்கிழமை காலையில், அத்தனை பம்பும் ஓடுகிற இரைச்சலுக்கு மேலே, "டேய் இன்ஜினியரு! படம் போட்டுக் கிழிச்சது போதும். எறங்கி வந்து பேரிங்கைத் தொட்டுப் பாரு, முட்டை பொரிக்கலாம்!" என்று என்னை விரட்டினாரே, அவரா மறைந்தார்? எனக்கு இன்னும் மண்டையில் ஏறவில்லை.

நம் நீரேற்று நிலையத்தில் அபாயச் சங்கு ஒன்று இருக்கிறது. அது ஊதி யாராவது கேட்டிருக்கிறீர்களா? பழுதாகி வருஷக்கணக்காகிறது. சரிசெய்யச் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? அண்ணன்தான் இருந்தாரே! 'சைரன்' என்ற பேரே அதனால்தானே வந்தது! பம்பு அறைக்குள் வெள்ளம் புகுந்து விளக்கெல்லாம் அணைந்த அன்று, அவர் குரலைப் பிடித்துக்கொண்டே படியேறித் தப்பியவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். நானும் ஒருவன். அன்று கயிறா வந்தது? குரல்தான் வந்தது!

அந்தக் குரல் அதே செவ்வாய்க்கிழமை பாதி வார்த்தையில் நின்றுபோனது. "தலை வெடிக்குதுடா" என்றார். வலது கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. வாந்தி எடுத்தார். வாய் ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. வெல்டர் தன் நெஞ்சுவலிக்கு வைத்திருந்த ஆஸ்பிரினை எடுத்து அவர் வாயில் போடப் போனார். ஸ்டோர் அக்கா கையைப் பிடித்து இழுத்தார்: "என்னன்னே தெரியல, அதுக்குள்ள மாத்திரையா? சும்மா இருய்யா!" வெல்டர் மேல் தப்பில்லை. பக்கவாதம் என்றால் அடைப்பு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ரத்தக்குழாய் அடைத்தாலும் பக்கவாதம், வெடித்தாலும் பக்கவாதம். அடைப்புக்குக் கொடுக்கும் மருந்து கசிவில் ஆளையே கொன்றுவிடும். எது என்று ஸ்கேன்தான் சொல்லும். அண்ணனுக்கு வெடித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் நாம் என்ன செய்தோம்? தாழ்வாரத்தை அடைத்துக்கொண்டு "தலையைத் திறங்க, தலையைத் திறங்க" என்று நின்றோம். எது நின்றாலும் திறந்து பார்ப்பதுதானே நம் தொழில்! ஃபிட்டர் மாமா டாக்டரம்மாவுக்கே பாடம் எடுத்தார்: "தெறந்துட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரிம்மா." அந்த அம்மா கோபப்படவில்லை. "நீங்க மோட்டாரை நிறுத்திட்டுத்தானே தெறப்பீங்க? இதை நிறுத்த முடியாதுங்களே" என்றார்.

எனக்குத் தேனில் குழைத்துப் பேச வராது. நேராகச் சொல்கிறேன், கேளுங்கள். மூளைக் கசிவுக்கு எல்லோருக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. முதலில் ரத்த அழுத்தத்தை இறக்க வேண்டும், உடனே இறக்கினார்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதை முறிக்க மருந்து உண்டு. அண்ணன் எந்த மாத்திரையையும் சாப்பிட்டவர் இல்லை, அவருக்கு எழுதிக்கொடுத்த பிரஷர் மாத்திரை உட்பட! "கருங்கல்லுக்கு எதுக்குடா மருந்து?" என்பார். குழாய் பலூன்போல உப்பி வெடித்திருந்தால் கிளிப் போடலாம், அல்லது தொடை வழியாக மெல்லிய கம்பிச்சுருள் அனுப்பி அடைக்கலாம். இவருக்கு உப்பல் இல்லை. பின்மண்டையில், சிறுமூளையில் பெரிதாகக் கட்டினால் தாமதிக்காமல் திறந்தாக வேண்டும். மேல்பரப்பில் கட்டினால் சிலருக்குத் திறப்பார்கள். அண்ணனுக்கு நட்டநடு ஆழத்தில் கசிந்து, மூளைநீர் இருக்கும் இடத்திலும் ரத்தம் இறங்கியிருந்தது. அதை வடிக்கச் சின்னத் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். வைக்கச் சொன்னது யார்? அண்ணி! ஒரு நொடி தயங்கவில்லை.

மறுநாள் மறுபடியும் கசிந்தது. இப்போது ஆழம் வரை போனால் நல்ல மூளையைக் கிழித்துக்கொண்டுதான் போக வேண்டும் என்றார் டாக்டரம்மா. அண்ணி ஒன்றே ஒன்று கேட்டார்: "தெறந்தா, எழுந்து என்னை ஒரு திட்டாவது திட்டுவாராம்மா?" டாக்டரம்மா பொய் சொல்லவில்லை. "மாட்டாரும்மா" என்றார். "அப்ப வேண்டாம்" என்றார் அண்ணி.

இதற்கா இத்தனை பேச்சு? "அவ சம்மதிக்கல, அவன் போயிட்டான்." டீக்கடையில் கேட்டேன். சற்றுமுன் இந்த வாசலிலும் கேட்டேன். அண்ணனின் தம்பி அவர்களே, நான் உங்களிடமே பேசுகிறேன். நேற்று எல்லோர் முன்னாலும் அண்ணியைக் கேட்டீர்கள்: "நான் வந்தப்ப மூச்சு இருந்துச்சே! நெஞ்சு ஏறி எறங்குச்சே! உசிரோட இருந்தவனைக் கைகழுவிட்டீங்களே, இனி இந்த வீட்டுல உங்களுக்கு என்ன வேலை?" அண்ணி எழுந்து உள்ளே போனார். பெட்டியைக் கட்டிவிட்டார்.

அவர் சொல்லமாட்டார். பக்கத்தில் நின்றவன் நான் சொல்கிறேன். நீங்கள் பார்த்தது அண்ணனின் மூச்சில்லை, மெஷினின் மூச்சு. மூளை முன்பே நின்றுவிட்டது. டாக்டர்கள் முறைப்படி சோதித்து, எல்லாம் முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். மெஷினை எடுக்கலாமா என்று கேட்டபோது அண்ணி கையெடுத்துக் கும்பிட்டார்: "இவரு தம்பி ரயில்ல வந்துக்கிட்டிருக்கான். அவனைத் தூக்கி வளத்தவரு இவரு. வந்த உடனே வெறும் கட்டையைப் பாத்தா அவன் தாங்கமாட்டான். அதுவரைக்கும் ஓடட்டும்மா."

ஐயா, அந்த மூச்சை உங்களுக்காக ஓடவிட்டவரையா வெளியே போகச் சொன்னீர்கள்?

தோழர்களே, அழுதுவிட்டுக் கலைவதற்கா கூடினோம்? நாளை முதல் நம் வாசலில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருக்கும். கையை நீட்டாத எவரையும் பம்பு அறைக்குள் விடமாட்டேன், மேலாளர் உட்பட! யாருக்காவது முகம் கோணினால், கை விழுந்தால், வாயில் எதையும் போடமாட்டோம். ஸ்கேனும் மூளை டாக்டரும் இருக்கிற ஆஸ்பத்திரிக்கே நேராகப் போவோம். அண்ணன் நம்மை மேலே கூப்பிட்டதுபோல் இனி நாம் ஒருவரையொருவர் கூப்பிடுவோம். இது சடங்குக்குச் சொல்லும் உறுதியில்லை. செய்யாவிட்டால் என் சட்டையைப் பிடித்துக் கேளுங்கள்.

தம்பி எழுந்துவிட்டார். இல்லை ஐயா, மேடைக்கு வர வேண்டாம், மைக் வேண்டாம். அண்ணி அந்தப் பக்கம் தூண் ஓரமாக உட்கார்ந்திருக்கிறார்.

நடுவில் நிற்கிறவர்கள் கொஞ்சம் விலகுங்கள். அவர் போகட்டும்.