குறை எழுதிய அட்டை

கிட்டாரின் உடம்பில் ஒரு கீறல் இருந்தால் சத்தம் கெட்டுவிடாது. இருபத்திரண்டு வருடமாக இதை எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். மகளுக்கு எலெக்ட்ரிக் கிட்டார் பார்க்க நீங்கள் கடைக்கு வந்தபோது உங்களிடமும் சொன்னேன், எஸ்.ஐ. சார். நினைவிருக்கும்.

சூரியநெல்லியில் என் கடையில் இருப்பதெல்லாம் செகண்ட்ஸ். கஞ்சிக்கோடு பக்கத்துக் கம்பெனி ஒன்றில் பெயின்ட் வழிந்தது, மரம் வெடித்தது என்று ஒதுக்கிய சரக்கு. மற்ற கடைக்காரர்கள் வெடிப்பில் மெழுகை அடைத்து, மார்க்கரைத் தடவி, புதுசு என்று தலையில் கட்டிவிடுவார்கள். அவர்களை யாரும் ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவதில்லை. நான் ஒவ்வொரு கிட்டாரின் கழுத்திலும் நூலில் ஓர் அட்டை கட்டுவேன். என்ன குறையோ அதை என் கையால் எழுதுவேன். பாண்டி கடை அட்டை என்றால் சத்தியம் என்று அடிமாலி வரை பேச்சு. அட்டை பொய் என்று ஒரு கிட்டார்கூடத் திரும்பி வந்ததில்லை.

ஒரு சிவப்பு கிட்டார் மட்டும் இரண்டு வருடமாக விலை போகவில்லை. முன்பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம். அஜய் ஞாயிறுதோறும் வந்து அதைத்தான் எடுத்து வாசிப்பான். தேயிலை பறிக்கும் சாந்தம்மாளின் ஒரே மகன். ரிசார்ட்டில் தீ மூட்டி உட்காரும் சுற்றுலாக்காரர்களுக்குப் பாடுகிறவன்.

"இத யாருக்கும் குடுத்துராதீகண்ணே. ஓணத்துக்குள்ள நானே எடுத்துக்கிறேன்" என்பான். சரி என்பேன்.

மே மாதம் பெங்களூர்க்காரர் ஒருவர் வந்தார். அடிபட்ட பழைய கிட்டார்களைத் தேடி வாங்குகிறவராம். அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்து, இதை யார் வாசித்தது என்று கேட்டார். கம்பெனியில் மேசை முனையில் இடித்தது என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் யாரும் சீண்டாத சரக்கைப் பிள்ளையைப் போல மடியில் வைத்திருந்தார். வாயில் வந்துவிட்டது. அஜய் என்று இந்த ஊர்ப் பையன் வாசித்தது, கொழுக்குமலை போகிற வழியில் ஜீப் உருண்டு செத்துப்போனான் என்றேன். அவர் கண் கலங்கிவிட்டது. அதையே அட்டையில் எழுதித் தரச் சொன்னார்.

எழுதினேன். "வாசித்தவன் அஜய், சூரியநெல்லி. கொழுக்குமலைப் பாதையில் ஜீப் உருண்டு இறந்தான்." முதல் வரி உண்மை. இரண்டாவது வரி அன்றிலிருந்தே என்னை உறுத்தியது.

அடுத்த ஞாயிறு அஜய் வந்து காலி ஆணியைப் பார்த்தான். "வித்துப்புட்டீகளா? சரி விடுங்கண்ணே, நல்ல கைக்குப் போனாப் போதும்" என்றான். அவன் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

நவம்பரில் பெங்களூர்க்காரர் போன் செய்தார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வருகிறாராம், அஜயின் தாயைப் பார்க்க வேண்டுமாம். அறை போட்டிருந்தது அஜய் பாடுகிற அதே ரிசார்ட்டில்.

என் மனைவி ஆனந்தியிடம் மட்டும் சொன்னேன். "பொய் சொல்லிட்டேன்னு சொல்லிருங்க. தலையா போயிரும்?" என்றாள். அவள் கடையில் நின்றவள் இல்லை. ஒரு அட்டை பொய் என்றால் இருபத்திரண்டு வருடத்து அட்டையும் பொய்தான்.

அஜய்க்கும் வழி காட்டினேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். போடியில் என் சிநேகிதன் கடையில் வேலை, உடனே போய்ச் சேர் என்றேன். "அம்மாவுக்கு முட்டு வலிண்ணே, ஒத்தையில எப்படி விட்டுட்டுப் போக?" என்று மறுத்துவிட்டான். அதற்குமேல் நான் என்ன செய்ய முடியும்?

டிசம்பர் எட்டாம் தேதி மத்தியானம், கொழுக்குமலைக் கூடார முகாமுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் கொண்டுபோக வேண்டும், துணைக்கு வா என்றேன். மடியில் வைத்துப் பிடித்துக்கொள், குலுக்கலில் அடிபட்டால் இதுவும் செகண்ட்ஸ் ஆகிவிடும் என்றபோது சிரித்தான். செங்குத்தான ஏற்றத்தில், வளைவில் நிறுத்தினேன். டயரைப் பார்க்கிறேன் என்று இறங்கி, கையை உள்ளே விட்டு ஹேண்ட்பிரேக்கை விடுவித்தேன். ஜீப் பின்னால் நகர்ந்தது. "அண்ணே" என்று ஒரு தடவை கூப்பிட்டான். மடியில் ஆம்ப்ளிஃபயர் கனமாக இருந்ததால் அவனால் குதிக்க முடியவில்லை.

நீங்களே வந்து பார்த்து விபத்து என்றுதான் எழுதினீர்கள். ஆனந்தி மட்டும் அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை.

பெங்களூர்க்காரர் சொன்னபடி பூமாலையோடு சாந்தம்மாளின் எஸ்டேட் லயத்து வீட்டுக்குப் போனார். மகன் போய் எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டிருக்கிறார். "பதினாறாம் நாள் காரியம் நேத்துத்தான்யா முடிஞ்சுச்சு" என்றாளாம். அவர் போனை எடுத்து என் பில்லைப் பார்த்திருக்கிறார். மே பத்தொன்பது. அட்டையில் நாள் எழுதாமல் விட்டவன் பில்லில் போட்டுவிட்டேன்.

சாந்தம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது இங்கிருந்து தெரிகிறது. என்னை உள்ளே கொண்டுவரும்போது பொய்யன் என்றாள். கொலைகாரன் என்று சொல்லட்டும். அஜயை நான்தான் கொன்றேன், எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன். பொய்யன் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மேசை மேல்தானே வைத்திருக்கிறீர்கள், அந்த அட்டையை எடுத்து அவளுக்கு வாசித்துக் காட்டுங்கள் சார். இப்போது அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.