பம்பாய்க்கே போங்க, மச்சான்

— அப்ப பம்பாய்க்கே போங்க, மச்சான்.

— யோசிக்காமப் பேசாத, நஸீரா. வேலூர்லயும் எடம் குடுத்திருக்காக, பம்பாய்லயும் குடுத்திருக்காக. எங்க போனாலும் நெஞ்சு ஆப்பரேசன்தான் படிக்கப் போறேன். மூணு வருசம். நாளைக்குள்ள தந்தி அடிக்கணும்.

— நெஞ்சப் பொளந்து என்ன செய்வீக?

— இதயத்துக்குள்ள விரல விட்டு, ஒட்டிக்கிட்ட வால்வப் பிரிச்சு விடணும்.

— யா அல்லாஹ்! மஹ்மூது டாக்டருன்னு ஊரே சொல்லுது. கெளுத்தி முள்ளு குத்துனதுக்குத் தெருவையே கூட்டுனது நீங்கதான?

— கேலி இருக்கட்டும். திரும்பவும் சொல்றேன். வேலூருன்னா மாசம் ஒருக்கா கீழக்கரைக்கு வந்துட்டுப் போயிருவேன். ஆஸ்டல்ல ரூமு, சோறு எல்லாம் உண்டு. பம்பாய்ல ஒண்ணும் கெடையாது. வீடு நாமளே பிடிக்கணும். சமைக்க ஆளில்ல. லீவு வருசத்துக்கு ஒருக்கா.

— நல்லதாப் போச்சு. பம்பாய்தான்.

— ஒன் கூடப் பொறந்த ராத்தாவோட மாப்பிள்ளை பாக்கரப் பாத்தியா? கொழும்புலருந்து ஏழு வருசத்துல நாலே தடவதான் வந்தாரு.

— நாலு புள்ள. ஒரு தடவகூட வீணாப் போகல.

— சிரிக்காத. ரெண்டாவது புள்ள அவரப் பாத்து, ‘இது யாரும்மா’ங்குது. அவருக்காவது கடையில சமையக்காரன் இருக்கான்.

— தெரியும். அன்னைக்கு ராத்தா அடுப்படியில நின்னு அழுதா.

— தெரிஞ்சுமா என்னையப் பம்பாய்க்கு வெரட்டுற?

— ஆமா.

— கல்யாணம் முடிஞ்சு ஒரு வருசம் ஆகல. ஒங்க வீட்டுல நான் வந்து இருக்கது ஒனக்கு அம்புட்டு பாரமா இருக்கா?

— இருக்காதா பின்ன? மாப்பிள்ளை தட்டுல ஆறு வகை வைக்காட்டி உம்மாவுக்குத் தூக்கம் வராது. ஒங்களுக்கு ஆப்பம் சுட்டே அவுக முதுகு ஒடிஞ்சுபோச்சு.

— பேச்ச மாத்தாத. ஒன்னைய விட்டுட்டு என்னால இருக்க ஏலாது. அதுனாலதான் வேலூருங்கேன்.

— எனக்கு மட்டும் ஏலுமா? மாசம் பூரா வாசலப் பாத்துக் கெடந்து, ரெண்டு நாளு ஒங்களப் பாத்து, திரும்பவும் வாசலப் பாக்கணுமா? வேணாம்.

— அதுக்கு என்னைய என்ன செய்யச் சொல்ற? சுதந்திரம் வந்து பதினோரு வருசமாச்சு. நம்ம தெருவுல எவளாச்சும் உம்மா வீட்ட விட்டு மாப்பிள்ளையோட வெளியூரு போயிருக்காளா? ஒங்க உம்மாதான் விடுவாகளா?

— காலையிலயே சொல்லிட்டேன். பம்பாய்ல ஒங்க மருமகன் பட்டினிதான் கெடக்கணும்னு.

— அடிப்பாவி! என்ன சொன்னாக?

— ஒரு பாட்டம் அழுதாக. வேலூருன்னா பலகாரத்த அனுப்பிரலாமாம். பம்பாய்க்கு என்னையத்தான் அனுப்பணுமாம்.