ஒரு சொட்டும் ஒழுகாத பிக்கப்

— நாந்தான் பாத்துட்டேனே இருளப்பண்ணே. வெள்ளையா கோதும மாவு சாக்க பிக்கப்புக்கு அடியில விரிச்சு ரெண்டு நாளு போட்டு வச்சேன். ஒரு சொட்டு இல்ல. ஒழுகாம கியர் எண்ண எங்க போவும்?

— அதனாலதானே நான் வடிச்சு வித்துட்டேன்னு சொல்றாங்க. நாளைக்குக் காலையில பெரட்டுல, பேர் கூப்பிடுற எடத்துல, எல்லார் முன்னாடியும் காடி சாவிய வாங்கிக்கிட்டு மண்வெட்டியக் கொடுத்து தேயில மலைக்கு அனுப்பப் போறாரு தொர. இருவது வருசமா டிரைவரு லா நான்!

— எண்ண கொறையுறது நெசந்தானே அண்ணே.

— நெசந்தான். தானா ராத்தா டவுனு பட்டறையில கியர்பாக்ஸே போச்சு, தூக்கிப் போடுன்னுட்டான். நீ அப்படி இல்ல அகஸ்டின். இந்த எஸ்டேட்டு பிட்டர்கிட்ட எந்த எஞ்சினும் எதையும் மறைக்காது. இன்னொரு வாட்டி பாரு தம்பி.

— பூசைக்குப் போட்ட சட்டையோட மண்ணுல படுக்க வச்சிட்டீங்க. சரி, எப்படி ஓடுது?

— பிரிஞ்சாங் ஏத்தத்துல எஞ்சின் கத்துது, காடி நவுர மாட்டேங்குது. கியர் நேரங்கழிச்சுத்தான் மாறுது. மாறுனா முதுகுல ஒரு ஒத. நேத்து நம்ம லயத்து நவமணிய பிரசவத்துக்கு ஏத்திட்டுப் போனேன். ஒவ்வொரு ஒதைக்கும் அவ கத்துறா, நான் அழுவுறேன்.

— கெளச்சு இல்லாம தானா கியர் மாறுற காடி. கால் வெளங்காத பழைய தொர தனக்குன்னு வாங்குனது. இது மாதிரி இன்னொண்ணு நான் தொட்டதே இல்ல... பொக வருதா?

— வெள்ளப் பொகதான். இந்தக் குளுர்ல எந்தக் காடிக்கு வரல? காலையில வாயத் தொறந்தாலே நமக்கே வருது லா.

— நானும் பனின்னுதான் விட்டுட்டேன்.

— ஆனா போன வாரம் மலையடிவாரத்துல தாப்பாவுக்கு எறங்குனேன் பாரு, மண்ட வேகுற வெயிலு. அங்கயும் இதே வெள்ளப் பொக.

— தாப்பாவுலயா? அந்த வெக்கையிலயா? இத ஏண்ணே சொல்லல?

— என்னைய யாரு கேட்டா?

— இருங்க. எஞ்சின நிறுத்துங்க. எஞ்சின்லேருந்து கியர்பாக்ஸுக்கு மெல்லிசா ஒரு ரப்பர் குழாய் போவுதில்ல? இதுக்குள்ள காத்து மட்டுந்தான் இருக்கணும். உருவுறேன்... விரல விட்டுப் பாருங்க.

— செவப்பா வருதே! அட சாமி, கியர் எண்ணயேதான் இது!

— இந்தக் குழாய் முடியுற எடத்துல சின்னதா ஒரு டப்பா இருக்கு. உள்ள இருக்குற ரப்பர் தோலு கிழிஞ்சுபோச்சு. அந்த ஓட்ட வழியா கியர் எண்ணைய எஞ்சின் உறிஞ்சிக் குடிக்குது, எரிச்சுப் பொகையா விட்டுருது. சாக்குல எப்படிச் சொட்டும்?

— அப்ப திருடன் பானட்டுக்குள்ளயே ஒக்காந்திருந்தானா!

— கியர்பாக்ஸுக்கு ஒண்ணுமில்ல. ஈப்போவுலேருந்து புது டப்பா வாங்கி மாட்டிட்டா போதும்.

— கையக் கொடு தம்பி! பட்டறைக்காரன் கையக் கழுவுன காடிய ஒரு குழாய உருவிக் கண்டுபுடிச்சிட்டியே! மலையில உனக்கு ஈடா எவன் இருக்கான்? எனக்கு அழுவையா வருது லா.

— என்னைய மெச்சாதீங்க அண்ணே. தாங்க முடியல.

— ஏன், என்னாச்சு?

— சாக்குல ஒரு சொட்டும் இல்லன்னதும், நீங்கதான் வடிக்கிறீங்கன்னு தொரகிட்ட போயிச் சொன்னவன் நாந்தான்.

— தெரியும் அகஸ்டின். ஆபீசு கணக்கு எழுதுற கிராணி அன்னைக்கே சொல்லிட்டாரு. நாளைக்குப் பெரட்டுல அந்தக் குழாயக் காட்டி நீயே சொல்லிரு. மனுசன நீ தப்பா நெனச்சிட்ட, ஆனா மெசின் விசயத்துல உனக்குப் பொய் சொல்ல வராது. அதான் உன்கிட்டயே கொண்டாந்தேன்.