குழாயில் கேட்ட தட்டல்

கெளுத்தி மீன் கத்தும் என்றால் நீங்களும் சிரிப்பீர்கள், சார். பரவாயில்லை. செவுளுக்குப் பக்கத்தில் இருக்கும் முள்ளை உரசி அது கரகரவென்று ஒலி எழுப்பும். மழை விழுந்ததும் முட்டையிடக் கூட்டமாகப் புறப்படும்போது தண்ணீருக்குள் மைக் போட்டுக் கேட்டால், வாரச்சந்தைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும்.

தங்க வயலில் என் வேலை, சுரங்கப் பாறை விரிசல் விடும் ஓசையைக் கருவியில் கேட்பது. சுரங்கத்தை மூடப்போகிறார்கள் என்று ஆனபோது, பெங்களூர் ஆராய்ச்சியாளர் ராதிகா மேடம் என்னைப் பங்காருபேட்டைப் பக்கத்து ஏரிக்கு அழைத்துக்கொண்டார். ஏரியில் பல இடங்களில் மைக் இறக்கியிருந்தோம். எதில் சத்தம் கூடுகிறதோ அந்தப் பக்கம் கூட்டம் நகர்கிறது என்று அர்த்தம். பரிசல் ஓட்ட மரியகுழந்தை அண்ணன் இருந்தார். அவரும் சுரங்கத்து ஆள்தான். நல்ல மனிதர், ஆனால் வாய் ஓயாது. அதுதான் எனக்கு எரிச்சல்.

"இன்னா மனோகரு, மீனு இன்னா சொல்லுது? நாஷ்டா ஆச்சான்னு கேக்குதா?" என்பார்.

இரண்டு வருடம் மழை ஏமாற்றியது. இந்த வருடமும் கூட்டம் போகும் வழி பதிவாகாவிட்டால் வேலையை நிறுத்திவிடுவதாக மேடம் சொல்லியிருந்தார். அன்று சாயங்காலம் மழை கொட்டியது. பழைய பம்ப் வீட்டிலிருந்து ஏரிக்குள் போகும் இரும்புக் குழாயின் நுனியில் ஒரு மைக் அவிழ்ந்துவிட்டது. அதைக் கட்ட அண்ணன் போனார். நான் பம்ப் வீட்டில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் கூட்டம் வந்தது. அப்படியொரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை. அழுதுவிட்டேன், சார்.

நடுவில் குழாயைத் தட்டும் சத்தம். மீன்கள் சட்டென்று அடங்கிவிட்டன.

சுரங்கத்தில் பாறை சரிந்து மாட்டிக்கொண்டவன் குழாயைத் தட்டுவான். கேட்டவன் திருப்பித் தட்ட வேண்டும். கேட்டுவிட்டது, வருகிறோம், தெம்பை வீணாக்காதே என்று அதற்குப் பொருள். எங்கள் ஊரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஜன்னல் வழியே பார்த்தேன். பரிசல் தனியாக மிதந்துகொண்டிருந்தது. அண்ணன் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முகத்தை மட்டும் வெளியே வைத்திருந்தார். காலில் யாரோ விட்டுப்போன வலை சுற்றியிருக்க வேண்டும். கரையில் இன்னொரு பரிசல் இருந்தது. ஆனால் நான் துடுப்புப் போட்டால் கூட்டம் கலைந்துவிடும்.

அதனால் ஒரு ஸ்பேனரை எடுத்துத் திருப்பித் தட்டினேன்.

உடனே நிறுத்திவிட்டார். மீன்கள் மறுபடி ஆரம்பித்தன. கூட்டம் முழுவதும் ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாய்க்குள் போகும்வரை பதிவு செய்தேன். பிறகு பரிசலை எடுத்துக்கொண்டு போனேன். குழாயருகே அவர் இல்லை.

டேப்பைக் கேட்ட மேடம், "திருப்பித் தட்டினது யாரு?" என்று கேட்டார். நான்தான் என்றேன். மறைக்க என்ன இருக்கிறது?

நீங்கள் இதைக் கொலை என்கிறீர்கள். எனக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் பயந்து சாகவில்லை, சார். நான் வந்துகொண்டிருக்கிறேன் என்று கடைசிவரை நம்பியிருப்பார். நான் திருப்பித் தட்டாமல் விட்டிருந்தால்தான் அது கொலை.